ஆறு நிமிடம், பன்னிரண்டு நொடி

பாயான் லெப்பாஸில் பத்தொன்பது வருடம்
பச்சைப் பலகைமேல் கறுப்புச் சில்லுகள் வந்து உட்காருவதைப்
பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.
கம்பெனி வியட்நாமுக்குப் போனது.
நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.
நோயாளியாக அல்ல.
கழுத்தில் அட்டை, கையில் நொடி எண்ணும் கடிகாரம்.

முதல் வாரம் மிசிகளின் பின்னால் நடந்தேன்.
ஓர் ஊசிக்கு எத்தனை அடி,
ஒரு போர்வைக்கு எத்தனை கதவு.
அவர்கள் போன வழியெல்லாம் பேனாவால் இழுத்தபோது
மீ கோரெங் தட்டைக் கவிழ்த்ததுபோல் இருந்தது தாள்.

"எங்களையா அளக்கிறாய்?" என்றார் மிசி கூ.
"உங்களை இல்லை, தூரத்தை."
அவர் நம்பவில்லை.
அளக்க வந்தவளை
நானும் ஒரு காலத்தில் நம்பியதில்லை.

கையுறை அலமாரியை நகர்த்தினோம்.
தரையில் மஞ்சள் நாடா ஒட்டி
சக்கர நாற்காலிக்கு ஒரு வீடு கொடுத்தோம்.
மருந்துக்கு மூன்று மணி நேரம் காத்திருந்தவர்கள்
ஐம்பது நிமிடத்தில்
பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள்.
(அங்கே காத்திருப்பது என் கணக்கில் வராது.)
டைரக்டர் கேக் வெட்டினார்.

பிறகுதான் கயிறு.
லைனில் எங்களுக்கு இருந்தது.
தப்பு கண்டால் யாரும் இழுக்கலாம்,
நேற்றுச் சேர்ந்த நேப்பாளப் பையனும் இழுக்கலாம்.
விளக்கு எரியும், பெல்ட் நிற்கும்.
நான் ஒருமுறை இழுக்காமல் விட்டிருக்கிறேன்.
அது வேறு கதை.

ஆப்பரேஷன் அறை வாசலில்
சிவப்பாய் ஒன்று கட்டச் சொன்னேன்.
"பஸ்ஸை நிறுத்தவா?" என்று சிரித்தார் சர்ஜன்.
ஏழு வாரம் சும்மா தொங்கியது.
யாரோ அதில் முகக்கவசம் மாட்டி வைத்தார்கள்.

எட்டாம் வாரம், செவ்வாய், காலை எட்டு நாற்பது.
கட்டில் தள்ளி வந்தவன் ஆரோக்கியநாதன்,
ஒப்பந்த ஆள், வேலைக்கு வந்து நான்கு மாதம்.
கட்டிலில் பவளக்கொடி ஏ/பி இருளாண்டி.
கோப்பில் பவளக்கொடி ஏ/பி இருளாண்டி.
நம் பெயருக்கும் அப்பன் பெயருக்கும் நடுவில்
இந்த ஊர் போட்டுவைத்த சாய்கோட்டின்கீழ்
அன்றைக்கு இரண்டு பெண்கள் படுத்திருந்தார்கள்:
நிபோங் தெபால்காரருக்குப் பித்தப்பை,
ரெலாவ்காரருக்கு வலது முட்டி.

கோப்பு, முட்டி என்றது.
இவனோ விடியற்காலை பார்த்திருக்கிறான்,
கட்டிலுக்கடியில் செருப்பு தேடி
அந்த அம்மா குத்தவைத்து உட்கார்ந்ததை,
யார் கையும் பிடிக்காமல் எழுந்ததை.

முகக்கவசத்தைக் கழற்றினான்,
மடித்தான், சட்டைப்பையில் வைத்தான்,
இழுத்தான்.

விளக்கு எரிந்தது.
எரிந்தால் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.
"என்னப்பா, கரண்டு போச்சா?" என்றார் பவளக்கொடி.
ஆறு நிமிடம், பன்னிரண்டு நொடி.
சரியான கோப்பு வந்தது.
சர்ஜன் கையை மறுபடி கழுவப் போனார்,
வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினார்.

என் அட்டவணையில் அதற்கு ஒரே கட்டம்தான் இருந்தது.
தலைப்பு: விரயம்.
பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து முறை ஏன் என்று கேள் என்பது எங்கள் பாலபாடம்.
கோப்பு ஏன் மாறியது? பெயரை மட்டும் பார்த்தார்கள்.
எண்ணை ஏன் பார்க்கவில்லை? பொடி எழுத்து.
ஏன் பொடி எழுத்து? லேபல் சின்னது.
ஏன் சின்னது?
சுருளில் மாதம் இருநூறு ரிங்கிட் மிச்சம்,
போன மாதப் பரிந்துரை, கீழே
என் கையெழுத்து, தேதியோடு.
ஐந்தாவதை நான் கேட்கவில்லை.

சாயங்காலம் அவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.
உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.
"அக்கா, அந்த ஆறு நிமிஷத்த
என் சம்பளத்துல பிடிப்பாங்களா?"

இல்லை என்றேன்.
கேட்டுவிட்டுச் சொல்கிறேன்
என்றும் சொன்னேன்.